ஒற்றைக்கால் தவம்

எண்ணியதை அடைந்தே தீருவதென்று பிடிவாதம் பிடிப்பவனை, 'ஒற்றைக் காலில் நிற்கிறான்' என்பது தமிழர் வழக்கு. தவம் இயற்றுவோர் அவ்வாறு நின்றதாகப் புராணங்கள் கூறும். மெய்யாகவே ஒற்றைக் காலில் நின்று உலகப் புகழ் எய்திய ஒருவர் ஜப்பானில் உண்டு. அவர் முனிவர் அல்லர், பேஸ்பால் ஆட்டக்காரர். சடஹாரு ஓ என்பது அவர் பெயர்.

1940ஆம் ஆண்டு டோக்கியோவில், சீனத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவர் ஓ. பள்ளி நாள்களில் பந்தெறிவதில் பெயர் பெற்ற அவர், 1959இல் யோமியுரி ஜயண்ட்ஸ் குழுவில் சேர்ந்ததும், மட்டையாளராக மாற்றப்பட்டார். தொடக்கமே துயரமாயிற்று. முதல் 26 வாய்ப்புகளும் வீணாயின. அவ்வாண்டின் 193 வாய்ப்புகளில் 72 முறை 'ஸ்ட்ரைக் அவுட்' ஆனார். 'ஓ' என்னும் எழுத்துக்கு அரசன் என்பது பொருள். கூட்டத்தினரோ, 'ஸ்ட்ரைக் அவுட் அரசன்' என்று கூவி எள்ளி நகையாடினர். மூன்றாண்டுகள் கழிந்தும் அவர் எதிர்காலம் ஐயத்திற்குரியதாகவே இருந்தது.

குறை எங்கே இருந்தது? உடல் வலிமையில் அன்று, காலக் கணிப்பில். பந்தெறிபவர் நிற்கும் இடத்திற்கும் மட்டையாளர் காக்கும் தளத்திற்கும் இடையே உள்ள தொலைவு 18.44 மீட்டர். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அதனை அரை நொடிக்குள் கடந்துவிடும். அதற்குள் கண் கண்டு, மனம் துணிந்து, மட்டை சுழல வேண்டும். ஓவிடம் ஒரு பழக்கம் இருந்தது. மட்டையை வீசுமுன் கைகளை வீணே ஒருமுறை அசைப்பார். அந்தச் சிறு அசைவு முடிவதற்குள் பந்து அவரைக் கடந்துவிடும்.

1962இல் பயிற்சியாளராக வந்த ஹிரோஷி அரகாவா இதற்கு விந்தையான மருந்தொன்றைக் கண்டார். பந்து வரும்வரை வலக்காலைத் தூக்கி, இடக்காலில் மட்டும் நிற்கச் சொன்னார். ஒற்றைக் காலில் நிற்பவன் கைகளை வீணே அசைத்தால் நிலைகுலைவான். ஆகவே தீய பழக்கத்திற்கு இடமே இல்லாமற் போயிற்று. அவ்வாண்டு ஜூலை முதல் நாளன்று இம்முறையை ஆட்டக்களத்தில் கையாண்ட ஓ, அன்றே ஹோம் ரன் அடித்தார். முந்திய ஆண்டில் 13ஆக இருந்த அவருடைய ஹோம் ரன்கள், அந்த ஆண்டில் 38ஆக உயர்ந்தன.

ஆயினும் நிற்பது எளிதன்று. உடலின் சமநிலையை அடிவயிற்றில் நிறுத்தும் வித்தையை அய்கிடோ என்னும் தற்காப்புக் கலையிலிருந்து இருவரும் பெற்றனர். பின்னர் ஓவின் கையில் மட்டைக்குப் பதிலாக வாள் கொடுக்கப்பட்டது. கூரையிலிருந்து தொங்கும் தாளை அவர் வெட்ட வேண்டும். முரட்டு வலிமையால் தாக்கினால் தாள் விலகி ஆடுமேயன்றி அறுபடாது. வாளின் விளிம்பு நேராகவும் விரைவாகவும் செல்லும்போதே அது துண்டாகும். மட்டை வீச்சுக்கு வேண்டிய வேகமும் நேர்மையும் இவ்வாறு கைவரப் பெற்றன.

எடை தூக்குதல், குறுந்தொலைவு ஓட்டம், விரைவுப் படக்கருவி என இன்றைய பயிற்சிகள் பெருகியுள்ளன. அடிப்பவனின் ஆற்றல் நிலத்தில் ஊன்றிய காலில் தோன்றி, இடுப்பின் வழியே உடலில் ஏறி, கைகளை வந்தடைகிறது என்பதை அவை விளக்குகின்றன. வழியில் ஓரிடத்தில் ஒழுங்கு பிறழ்ந்தாலும், வளர்த்த தசையெல்லாம் பயனற்றதாகும். தொங்கும் தாள் ஓவுக்குக் கற்பித்த பாடமும் இதுவே.

1962 முதல் 1974 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள் தமது லீக்கில் மிகுதியான ஹோம் ரன்கள் அடித்தவர் ஓவே. 1977 செப்டம்பர் 3ஆம் நாள் தமது 756ஆவது ஹோம் ரன்னை அடித்து, அமெரிக்கரான ஹாங்க் ஆரனின் 755ஐக் கடந்தார். 1980இல் ஓய்வு பெற்றபோது கணக்கு 868. இரு நாட்டு ஆட்டங்களும் ஒரே தரத்தன அல்ல என்று வாதிடுவோர் உளர். ஆனால், எள்ளி நகையாடப்பட்ட இளைஞர் அடைந்த ஏற்றத்தை எவரும் மறுப்பதற்கில்லை.

தோற்கும் மாணவனிடம், 'இன்னும் உழை' என்பதே நாம் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. அரகாவா அதனை மட்டும் சொல்லியிருந்தால், ஓ தமது பிழையையே மேலும் ஆயிரம் முறை பழகியிருப்பார். எந்த அசைவு வேண்டாதது என்று முதலில் கண்டு, அதனை நீக்கிய பின்னரே அவர் ஆயிரம் முறை பழக வைத்தார். வகுப்பறையில் நிற்போருக்கும் அவ்வரிசை முறை பயன்படும்.