கதவில் ஒட்டிய காகிதம்

சென்ற அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், மாலை ஜெபமாலை முடிந்து பங்கு இல்லத்துக்குத் திரும்பினேன். நல்ல மழை. திண்ணையில் ஒருவர் காத்திருந்தார். அச்சகத் தொழிலாளி, திருவிழாத் தோரணமும் விளக்கும் ஆண்டுதோறும் அவர் பொறுப்பு. நனைந்த சட்டைக்குள்ளிருந்து நீதிமன்ற முத்திரையிட்ட காகிதக் கட்டை எடுத்து நீட்டினார்.

"சாமி, இந்த வழக்கைப் பற்றி உயிர்ப்பு விழாவுக்கு முன்பே தங்களிடம் சொன்னேன். நினைவிருக்கிறதா?"

நினைவிருந்தது. அதுதான் என் வேதனை.

கடன் அட்டைப் பாக்கிக்காக ஒரு வங்கி அவர்மீது வழக்குத் தொடுத்திருந்தது. அழைப்பாணையோடு அமீனா வந்தபோது, வாங்காமல் விட்டால் வழக்கே இல்லை என்று யாரோ சொன்ன பேச்சைக் கேட்டுக் கையொப்பமிட மறுத்துவிட்டார். அமீனா அதைக் கதவில் ஒட்டிச் சென்றார். மனைவியின் கண்ணில் படுமுன் கிழித்தெடுத்து என்னிடம் கொண்டுவந்தார். திருவிழா அலுவலில் இருந்த நான் மேலோட்டமாய்ப் பார்த்துவிட்டு, "வங்கிக்கு இது ஒரு தொகையா? அலையாதீர்கள், அவர்களே விட்டுவிடுவார்கள்" என்று ஆறுதல் கூறி அனுப்பினேன். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் கற்றவன் நான். உரிமையியல் சட்டம் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் அன்று வாய் வரவில்லை.

கதவில் ஒட்டினாலே அழைப்பாணை சார்வு செய்யப்பட்டதாகும். அவர் நீதிமன்றம் செல்லவில்லை. வங்கி கேட்டபடியே ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிட்டது. ஆகி இருபது நாள்.

கடன் வந்த கதை எளியது. தாயாரின் அறுவை சிகிச்சைக்கு 80,000 ரூபாய். மாதந்தோறும் 'குறைந்தபட்சத் தொகை'யைக் கட்டி, கடனை அடைத்துவருவதாகவே அவர் எண்ணியிருந்தார். மாதம் மூன்றரை விழுக்காடு வட்டி என்பது ஆண்டுக்கு 42 விழுக்காடு என்று யாரும் அவருக்குக் கணக்கிட்டுக் காட்டவில்லை. அச்சகத்தில் வேலை நாள் குறைந்தது, கட்டுவதும் நின்றது. இப்போது வங்கி கேட்பது இரண்டு லட்சத்துக்கு மேல்.

அன்றிரவே அவரை அழைத்துக்கொண்டு, அடுத்த பங்கில் வாழும் மூத்த வழக்கறிஞர் அம்மையாரிடம் சென்றேன். நான் கூறிய அறிவுரையையும் மறைக்காமல் சொன்னேன். "காய்ச்சல்காரரை மருந்து வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறீர்கள், சாமி" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அவர் விளக்கியவை இவை. அழைப்பாணை கிடைத்த 30 நாளுக்குள் எதிர்வழக்குரை தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் 90 நாள் வரை நீதிமன்றம் இசையலாம். சுருக்க விசாரணை வழக்காயின் 10 நாளுக்குள் முன்னிலையாக வேண்டும். ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோருவதற்கும் 30 நாள்தான். நமக்கு இன்னும் 10 நாள் இருந்தது.

"சிறையில் போடுவார்களா, அம்மா? வசூலுக்கு வந்தவர்கள் அப்படித்தான் மிரட்டினார்கள்" என்று கேட்டார் அவர். குரல் நடுங்கிற்று. வசதியிருந்தும் ஏமாற்றுபவரையன்றி, கொடுக்க வழியற்றவரைச் சிறையிலிட இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே தீர்ப்பளித்திருக்கிறது என்றார் அம்மையார். சம்பளத்திலும் முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் இத்தகைய கடனுக்காகப் பற்றுகை செய்ய முடியாதாம். ஆறு மாதமாக அந்த மனிதர் உறங்காமல் கிடந்தது இந்த ஒரு கேள்வியால்தான். அதை நான் அன்று கேட்கவேயில்லை.

மனு ஏற்கப்பட்டது; செலவுத் தொகை கட்டச் சொன்னார்கள். எதிர்வழக்குரை எழுதும் நாளில் அவருக்கு ஒரு சபலம். "கடனே வாங்கவில்லை என்று எழுதிவிடலாமா?"

"வாங்கியதை வாங்கினேன் என்று எழுதுங்கள். எவ்வளவு என்பதை அவர்கள் நிரூபிக்கட்டும்" என்றார் அம்மையார். ஒப்பந்தத்தையும் முழுக் கணக்கையும் கேட்டுப் பெற்றோம். கேளாத காப்பீட்டுக்கு மாதாமாதம் பிடித்த பணம் அதில் இருந்தது. தாமதக் கட்டணத்தின் மேலும் வட்டி ஏறியிருந்தது.

இவ்வாண்டு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாயிற்று. கேட்ட தொகையில் பாதிக்கும் சற்று அதிகம், 18 தவணை. அங்கே கட்டணமில்லை. வருமானம் குறைந்தவர்க்கும், வருமானம் எதுவாயினும் பெண்களுக்கும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வழக்கறிஞரும் உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழு அலுவலகத்தில் கேட்டால் போதும்.

சமரசத்தில் கையெழுத்திடுவதற்கு முதல் நாள்தான் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். நானும் உடனிருந்தேன். அந்தப் பெண்மணி அழவில்லை, கணவரைக் கடிந்துகொள்ளவுமில்லை. என்னைப் பார்த்து, "உங்களுக்கு அப்போதே தெரியுமா, சாமி?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியும், அம்மா" என்றேன்.

இப்போது ஒவ்வொரு தவணை கட்டியதும் அந்தப் பெண்மணியே ரசீதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, நான் படித்து முடிக்கும்வரை நின்றுவிட்டுத் திரும்ப எடுத்துச் செல்கிறார். இதுவரை ஏழு.