அமானிதமான பவளம்

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மென்பவளம் வளர்க்க எங்கள் பிள்ளைகள் ஆசைப்பட்டனர். அதற்கு நீரின் வெப்பநிலை 24 முதல் 26 டிகிரி செல்சியசுக்குள் நிலைத்திருக்க வேண்டும். வத்திராயிருப்பின் கோடைப் பகலோ 35 டிகிரியைத் தாண்டும். குளிர்விக்கும் கருவி இருந்தாலும், மின்சாரம் நின்றால் சிறு தொட்டியின் நீர் விரைவில் சூடேறிவிடும். மன்னார் வளைகுடாவில் 2016ஆம் ஆண்டு கடல்நீரின் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் நீடித்தபோது, உள்ளிருந்து உணவூட்டும் நுண்பாசிகளை இழந்து பவளங்கள் வெளுத்துப்போயின.

சூரா அர்ரஹ்மானில் அல்லாஹ் முத்துடன் பவளத்தையும் தன் அருட்கொடையாக நினைவூட்டுகிறான். அமானிதமாகப் பேண இயலாத உயிரை அழகுக்காக அடைத்து வைப்பது முறையன்று எனத் தீர்மானித்தோம். இன்ஷா அல்லாஹ், விடுமுறையில் பிள்ளைகளை மண்டபத்திற்கு அழைத்துச் சென்று, பவளம் வாழும் கடலைக் காட்டுவோம்.