ஏழரை மணித் தெருவில் ரசம்!

575 டாலர் கொடுத்து டிக்கெட் வாங்கி, பாலைவனத்துக்குப் போய், சேத்துல மாட்டிக்கிட்டு முழிச்சவன் எவனாவது உண்டா? உண்டு சார், அடியேன்தான். துணைக்கு இன்னும் எழுபதாயிரம் பேர்!

இடம்: அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து பிளாக் ராக் பாலைவனம். விழா: பர்னிங் மேன். 1986-ல் சான்ஃபிரான்சிஸ்கோ கடற்கரையில் லாரி ஹார்வியும் அவர் நண்பரும் எட்டடி மரபொம்மை ஒன்றைக் கொளுத்தியதில் ஆரம்பித்தது. நம்ம ஊர் சொக்கப்பனை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1990-ல் பாலைவனத்துக்கு ஜாகை மாறியது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு வாரத்துக்கு அங்கே ஒரு ஊரே முளைக்கும். ராட்சசச் சிற்பங்கள், ஆட்டம், பாட்டம். ஐஸ் மாதிரி ஒன்றிரண்டு தவிர எதையும் காசுக்கு விற்கக் கூடாது. கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டாலும் கொடுப்பார்கள்.

தெருக்களுக்குக் கடிகார மணிதான் பேர். ரெண்டு மணித் தெருவிலிருந்து பத்து மணித் தெரு வரை. கே, லெஸ்பியன், திருநங்கை, திருநம்பி என்று எங்க ஜனங்களின் கூடாரங்கள் அதிகம் இருக்கிற பேட்டை, ஏழரை மணிப் பக்கம். ஏழரை! ஜாதகம் பார்த்துத்தான் ஒதுக்கியிருப்பார்கள் போல.

('எங்க' என்றதைக் கவனித்திருப்பீர்கள். ஆமாம், நானும்தான். கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் தட்டுகிறவன், வயசு முப்பத்தி நாலு. திருச்சியிலிருந்து அம்மா வாரம் ஒரு ஜாதகம் அனுப்புவாள். 377-வது பிரிவின் பல்லை சுப்ரீம் கோர்ட் 2018-ல் பிடுங்கிவிட்டது. அந்தத் தீர்ப்பு எங்க வீட்டு ஹால் வரைக்கும் வந்து சேரவில்லை.)

2023 செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை பிடித்தது மழை. மொத்தமே ஓர் அங்குலத்துக்கும் குறைவுதான். வேளச்சேரிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அந்தத் தரை பழங்காலத்து ஏரிப்படுகை. மாவு மாதிரிப் புழுதி. ஈரம் பட்டால் பசை. பத்தடி நடந்தால் ஷூவுக்கு அடியில் இன்னொரு ஷூ முளைக்கும். கேட்டை மூடிவிட்டார்கள். வண்டி எடுக்கத் தடை. சாப்பாடு, தண்ணியைச் சிக்கனமா வச்சுக்குங்க என்று அறிவிப்பு. நடிகர் கிறிஸ் ராக்கும் டிஜே டிப்லோவும் மைல்கணக்கில் சேற்றில் நடந்து, ஒரு ரசிகரின் வண்டியில் தொற்றிக்கொண்டு தப்பித்தார்கள். நமக்கு யார் சார் வண்டி நிறுத்துவா?

கக்கூஸைக் காலி பண்ண லாரி வர முடியாது. இதற்கு மேல் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

எங்க கூடாரத்தில் இருபது பேர். வெள்ளிக்கிழமை வரை ஜிகினாவும் இறக்கையுமாகத் திரிந்தவர்கள், சனிக்கிழமை காலையில் கூட்டுக்குடும்பம்! மேடையில் பெண் வேஷம் கட்டி ஆடுகிற ஆறடி ஆசாமி, கலையாத கண்மையோடு தார்ப்பாயில் தேங்கின தண்ணீரை வாளி வாளியாக இறைத்தார். நர்ஸ் வேலை பார்க்கும் பெண் ஜோடி, யாருக்கு என்ன மாத்திரை என்று கணக்கெடுத்தது. என்னிடம் புளியும் ரசப்பொடியும் இருந்தன. ஒரு குண்டான் ரசம் வைத்தேன். ராத்திரிக்கு இன்னொரு குண்டான் வைக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

அதில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருத்தர். பிளாஸ்டிக் பையில் ஒரு காகிதத்தைப் போட்டு, தான் நனைந்தாலும் அது நனையாமல் வைத்திருந்தார். பதினோரு பெயர்கள். எண்பதுகளில் எய்ட்ஸில் போன அவருடைய சிநேகிதர்கள்.

விழாவில் கோயில் என்று மரத்தில் ஒன்று கட்டுவார்கள். சாமி கிடையாது. இறந்துபோனவர்களின் பெயர்களை அதில் எழுதுவார்கள்; கடைசி ராத்திரி கோயிலோடு சேர்ந்து எல்லாம் எரியும். ஞாயிற்றுக்கிழமை நானும் ஆறடியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, வெறுங்காலோடு அவரைக் கூட்டிப்போனோம். பத்து பெயர் எழுதியதும் கை நடுங்கிவிட்டது. "ஸ்பெல்லிங் சொல்றேன், நீ எழுது" என்று பேனாவை நீட்டினார். எழுதினேன்.

திரும்பும்போது, "உன்னைப் பத்தி உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்றார்.

"நல்லா ரசம் வைப்பேன்னு தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. "இதுல ஏழு பேரோட அம்மாவுக்கு ஆஸ்பத்திரியிலதான் தெரிஞ்சுது" என்றார்.

திங்கள் மதியம் வழி திறந்தார்கள். ரெண்டு நாள் லேட்டாக அன்று ராத்திரி பொம்மை எரிந்தது. செவ்வாய்க்கிழமை கோயில். புதன் காலை நான் கிளம்பினேன். ரெனோ பக்கம் சிக்னல் வந்ததும் பார்த்தால், அம்மாவின் மிஸ்டு கால் நாற்பத்தி மூணு! அங்கே எபோலா பரவுகிறது என்று எவனோ கிளப்பிவிட்ட புரளி திருச்சி வரை போயிருந்தது.

"ஜுரம் கிரம் இருக்காடா?"

"இல்லம்மா."

"சாப்பிட்டியா?"

"ரசம் வச்சேன். இருபது பேருக்கு."

"யாருடா அந்த இருபது பேரு, ஆபீஸ்காரங்களா?"

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். ஏழரை மணித் தெருவில் ஆரம்பித்து, பெரியவர், பதினோரு பெயர், கடைசியாக நான்... எல்லாம் சொன்னேன். முடித்தபோது அந்தப் பக்கம் டி.வி. சத்தம் மட்டும் கேட்டது. "சரி, பாத்து வண்டி ஓட்டு" என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரம் ஜாதகம் வரவில்லை. போனும் வரவில்லை. பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி: 'அந்தப் பெரியவர் பத்திரமா ஊர் போய்ச் சேந்துட்டாரா?'