பூட்டிய வீட்டில் ஒரு பாட்டரி

ஷாதிபூரில் குடியிருக்கும் எங்களைப் போன்ற மத்திய அரசு எழுத்தர் குடும்பங்களுக்குத் தாயகப் பயணம் என்பது இரண்டு நாள் விருந்தன்று. விடுப்புப் பயணச் சலுகைக்கு விண்ணப்பித்து, கப்பற் சீட்டுக்கு வரிசையில் நின்று, ஏறத்தாழ மூன்று நாள் கடலில் ஆடியசைந்து சென்னை சேர்ந்தால், போன கால் எளிதில் திரும்பாது. ஒரு மாதம், சமயத்தில் இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும். புறப்படும் நாளில் துளசிக்கு நீர் வார்க்கப் பக்கத்து வீட்டாரிடம் சொல்கிறோம். சாவியைப் பலமுறை தொட்டுப் பார்க்கிறோம். மூலையில் கிடக்கும் இன்வெர்ட்டர் பாட்டரியை யார் நினைக்கிறார்கள்? நாங்களும் நினைத்ததில்லை.

தந்தையார் மறைந்த செய்தி ஒரு வைகாசி இரவில் வந்தது. மாலை முதலே மின்சாரம் இல்லை. பெருநிலத்து மின்கம்பி எட்டாத இத்தீவுகளில் மின்சாரம் பெரும்பாலும் டீசலில் பிறப்பது. அதன் குறும்புகள் இங்குள்ளோர் அறிந்தவையே. பாட்டரி தந்த வெளிச்சத்தில்தான் துணிகளை அடுக்கினோம். இடி மின்னலுக்கு அஞ்சி மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, விடியலில் விமானம் ஏறினோம். காரியங்களை முடித்து, தனித்துப்போன தாயாரையும் அழைத்துக்கொண்டு திரும்ப எழுபது நாள் ஆயிற்று.

வந்த முதல் இரவே மழை, மின்சாரமும் போயிற்று. இன்வெர்ட்டர் ஒருமுறை கீச்சிட்டு ஓய்ந்தது. ஊரில் அந்தி சாய்ந்தால் திண்ணை விளக்கை அணைய விடமாட்டார் தந்தையார். அந்த வெளிச்சத்திலேயே ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தவர், முன்பின் அறியாத வீட்டில் இருட்டைத் துழாவி நடந்து நிலைப்படியில் இடறி விழுந்தார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கியது. "என்னை ஊருக்கே அனுப்பிவிடுப்பா" என்று மட்டும் சொன்னார். அவ்விரவு நாங்கள் உறங்கவில்லை.

மறுநாள் பாட்டரி பழுது பார்க்கும் பெரியவரை அழைத்து வந்தோம், திருநெல்வேலிப் பக்கத்தவர். அமிலத்தை ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சிப் பார்த்தார். மிதவை அடியிலேயே கிடந்தது. "தம்பி, இது உழைச்சுச் சாகல. பட்டினி போட்டுக் கொன்னுட்டீங்க" என்றார். "இனி ஒன்றும் செய்ய இயலாதா, அண்ணாச்சி?" என்று கேட்டோம். உதட்டைப் பிதுக்கினார். புதிய பாட்டரிக்கு மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென ஒதுக்கியிருந்த தொகையில் கை வைக்க வேண்டியதாயிற்று.

அவர் சொன்னதையும் பிறகு நாங்கள் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். 1859 இல் பிரெஞ்சு அறிஞர் பிளாண்டே கண்ட ஈய அமிலக் கலத்தின் அடிப்படை இன்னும் மாறவில்லை. மின்சாரத்தைச் செலவிடுந்தோறும் தகடுகளில் ஈய சல்ஃபேட்டு படிகிறது. உடனே மின்னேற்றினால் கரைந்து போகும். வாரக்கணக்கில் விட்டால் கெட்டிப் படிகமாகிவிடும். பிறகு எந்தச் சார்ஜருக்கும் அசையாது. நிறைந்த 12 வோல்ட்டு பாட்டரி ஓய்வில் 12.6 அல்லது 12.7 காட்டும், 12.0 காட்டினால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது என்று பொருள். வேலையின்றிக் கிடந்தாலும் மின்னேற்றம் கசியும். வெப்பம் 10 பாகை உயர்ந்தால் கசிவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். புழுங்கும் பூட்டிய வீட்டில் கேட்கவா வேண்டும்!

கனடாவில் கோல்ஃப் மைதானமொன்றில் பணிபுரியும் மைத்துனரிடம் இதைப் புலம்பினோம். அங்கே பனிக்காலம் முழுவதும் மின்வண்டிகளைக் கொட்டகையில் நிறுத்துவார்களாம். எட்டு வோல்ட்டு கலங்கள் ஆறு சேர்ந்து ஒரு வண்டிக்கு 48 வோல்ட்டு. நிறைய மின்னேற்றி வைத்தால் கடுங்குளிரிலும் அமிலம் உறையாது. வெறுமையாக விட்டால் நீர்போல் உறைந்து பெட்டியே பிளந்துவிடுமாம். எங்களுக்குப் பனியில்லை, பட்டினியின் விளைவு மட்டும் உண்டு.

இப்போது பயணத்திற்கு இரண்டு நாள் முன்பே முழுமையாக மின்னேற்றுகிறோம். அப்போது சன்னல் திறந்திருக்கும், அருகே தீபம் ஏற்றுவதில்லை, ஏனெனில் கலத்திலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் தீப்பற்றக் கூடியது. அதன் பின்னரே காய்ச்சி வடித்த நீரை ஊற்றுகிறோம். முன்பே நிரப்பினால் அமிலம் பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்குமளவு முதலிலேயே விடலாம். மழைநீர் தூயதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். கடலோரக் கூரையில் விழுந்த நீரில் உப்பு இருக்கும், வேண்டாம். முனைகளைத் துடைத்து வாசலின் தடவி, எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுகிறோம். சிமெண்டுத் தரை மின்சாரத்தை உறிஞ்சும் என்பது பழைய மரப்பெட்டிக் கலங்கள் காலத்துப் பேச்சு. பலகைமேல் வைப்பது ஈரத்திற்காகவே.

சாவி பக்கத்து வீட்டு வங்காள அக்காவிடம். மாதம் ஒருமுறை கம்பியைப் பூட்டி ஒரு நாள் மின்னேற்றிக் கழற்றிவிடுவார். ஊரிலிருந்து அவருக்கு அதிரசம் வந்தாக வேண்டும்; அது தனிக் கணக்கு.

தாயார் ஊருக்குப் போகவில்லை. 2018 இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் மாறிய ரோஸ் தீவிற்கு ஒரு நாள் அழைத்துச் சென்றோம். நடக்க இயலாதோரை ஏற்றிச் செல்லும் பாட்டரி வண்டியில் அவரை அமர்த்தினோம். மான்களையும் இடிந்த கட்டடங்களையும் பார்த்துக்கொண்டே வந்தவர், இறங்கும்போது ஓட்டுநரிடம், "மழைக்காலத்திலே படகு நின்னா இதுக்கு யாருப்பா சாப்பாடு போடுவா?" என்றார். தமிழறியாத அந்த இளைஞர் எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் அரைகுறை இந்தியில் மொழிபெயர்த்துச் சொல்வதற்குள் அபர்தீன் துறைக்குத் திரும்பும் படகின் சங்கு ஊதிவிட்டது.