அகலத்திரையில் மங்கும் புள்ளி



அகலத்திரைகள் வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆயினும், நம் தமிழ்ப்பள்ளி வகுப்பறைகள் சிலவற்றில் இன்றும் எழுத்துகள் மங்கியும் பக்கவாட்டில் பருத்தும் தெரிகின்றன. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது முதல் மின்னணுப் பொருள்களைச் செய்து உலகுக்கு அனுப்பி வரும் தீவினர் நாம். நம் பிள்ளைகள் மங்கலான திரையைப் பார்த்துப் படிப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இதற்குப் பழைய பழக்கமும் ஒரு காரணம். அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003இல் தொடங்கியபோது, பள்ளிகளுக்கு மடிக்கணினியும் படவீழ்த்தியும் வந்தன. (அந்தப் படவீழ்த்தியை 'எல்.சி.டி.' என்றே இன்றும் அழைக்கிறோம்!) அக்காலத்தில் பரவலாக இருந்த அளவு 1024 × 768. அந்த எண் நம் கைக்குப் பழகிவிட்டது. பின்வரிசை மாணவருக்கு எழுத்துச் சிறியதாகத் தெரிந்தால், புதிய திரையையும் அதே அளவுக்குக் குறைத்துவிடுகிறோம். எழுத்து பெரிதாகிறது என்பது உண்மைதான். ஆனால், அதற்கு நாம் கொடுக்கும் விலை பெரிது.

1920 × 1080 திரையில் படப்புள்ளிகள் எண்ணிப் பதிக்கப்பட்டவை. அதற்கு 1024 × 768 அளவுள்ள படத்தை அனுப்பினால், கிடைமட்டத்தில் ஒவ்வொரு புள்ளியும் 1.875 புள்ளியாக விரிய வேண்டும். முக்கால் புள்ளி என்று ஒன்று திரையில் இல்லை. ஆகவே, பக்கத்துப் புள்ளியோடு நிறத்தைக் கலந்து சமாளிக்கிறது, விளிம்பெல்லாம் மங்குகிறது. படம் திரை முழுவதும் நீட்டப்பட்டால், அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கணித ஆசிரியர் வரைந்த வட்டம் நீள்வட்டமாகும், சதுரம் செவ்வகமாகும்.

தமிழுக்கு இதனால் வரும் கேடு இன்னும் அதிகம். 'மனம்', 'மணம்' இரண்டையும் வேறுபடுத்துவது ஒரு சுழி. 'எடு', 'ஏடு' இரண்டையும் பிரிப்பது அடியில் உள்ள சிறு கோடு. ககரத்துக்கும் அதன் மெய்க்கும் இடையே இருப்பது ஒரு புள்ளி மட்டுமே. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியிடாமலே எழுதினர். கற்றறிந்தோர் இடம் நோக்கிப் படித்துக்கொண்டனர். நாமும் அப்படி ஊகித்துவிடுவோம். முதலாம் ஆண்டுப் பிள்ளையால் அது இயலுமா? எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை, திரையில் இல்லாத புள்ளியை எங்கே தேடும்? தடுமாறும் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்று நாம் குறித்துவைப்பதற்குமுன், திரையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

செய்ய வேண்டியது எளிது. விண்டோசு கணினியின் முகப்பில் வலச்சொடுக்கித் திரை அமைப்புக்குச் செல்லுங்கள். தெளிவுத்திறன் பட்டியலில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்ற குறிப்போடு இருக்கும் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின், எழுத்தைப் பெரிதாக்க அதே பக்கத்தில் உள்ள அளவை 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்துங்கள். இப்போது எழுத்து பெரிதாகும். புள்ளியும் சுழியும் கூர்மையாகவே இருக்கும்.

படவீழ்த்தியை இணைக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. மடிக்கணினியிலும் சுவரிலும் ஒரே படத்தைக் காட்டச் சொன்னால், இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவைக் கணினி பிடித்துக்கொள்ளும். அது சுவருக்குப் பொருந்தாமல் போகலாம். விண்டோசு விசையோடு 'பி' விசையை அழுத்தி, படவீழ்த்தியில் மட்டும் காட்டும்படி மாற்றிவிட்டு, அதற்குரிய அளவை வையுங்கள். பழைய 4:3 படவீழ்த்தி என்றால் 1024 × 768 சரியான அளவாகவே இருக்கக்கூடும். அதை மாற்ற வேண்டியதில்லை. தொலைக்காட்சிப் பெட்டியை இணைத்து ஓரங்கள் வெட்டுப்பட்டால், கணினியை விட்டுவிட்டுப் பெட்டியின் பட அளவு அமைப்பைத் திருத்துங்கள்.

எல்லாம் முடிந்ததும் 'மனம், மணம், எடு, ஏடு' என்று திரையில் எழுதிவிட்டுப் பின்வரிசை நாற்காலியில் போய் அமர்ந்து பாருங்கள். நண்பகல் வெயில் சன்னல் வழியே விழும் வேளையிலும் ஒருமுறை பாருங்கள்.