மணமும் மதிப்பும்

மாதவி நீராடிய மணநீரில் 10 வகைத் துவரும் 5 வகை விரையும் 32 வகை ஓமாலிகையும் ஊறியிருந்தன என்று சிலப்பதிகாரம் கணக்குச் சொல்கிறது. தமிழ் வகுப்பில் அதைக் கேட்டபோது என் நண்பர்கள் வியந்தனர். எனக்கோ ஓர் ஐயம் எழுந்தது. மாதவியின் முற்றத்தைப் பெருக்கிய பெண் எதைக் கொண்டு நீராடினாள்? காவியம் அதைச் சொல்லவில்லை. நறுமணம் அந்நாளில் செல்வர் வீட்டுப் பொருள்.

குர்லாவில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்த ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. என் தாத்தா நெல்லைச் சீமையிலிருந்து வந்து, தாராவியில் தோல் பதனிடும் கூடமொன்றில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலின் வாடை எந்தச் சோப்புக்கும் அசையாது. இருமுறை குளித்து, கன்னோசி அத்தரில் தோய்த்த பஞ்சைக் காதில் செருகிக்கொண்டுதான் அவர் பஸ் ஏறுவார். அப்படியும் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்துபோய் நின்றுகொண்ட நாட்கள் உண்டாம். தாத்தா அதைக் கோபமாகச் சொன்னதே இல்லை. "காத்தாட நிக்காரு போல இருக்குலே" என்று சிரிப்பார். அந்தச் சிறு குப்பிக்காக வெற்றிலைச் செலவைக் குறைத்துக்கொண்டார் என்று அம்மா சொல்வாள். அத்தர் என்றால் அவருக்கு ஆடம்பரமா, நண்பர்களே? பக்கத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்து வர வேண்டும் என்ற ஆசைதானே!

இன்று எங்கள் வீட்டில் வேறொரு மணம் வீசுகிறது. குர்லாவில் 2011 இல் திறக்கப்பட்ட பீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி என்னும் பெரிய வணிக வளாகத்தில், செண்ட் விற்கும் கடையொன்றில் என் அக்கா வேலை பார்க்கிறாள். வாடிக்கையாளர் முகர்ந்து பார்க்கத் தரும் வெள்ளைக் காகிதத் துண்டுகளில் மிஞ்சியவற்றை வீட்டுக்குக் கொண்டுவருவாள். என் பொருளியல் நூலில் பக்க அடையாளமாக இருப்பவை அவைதாம். தேவைக் கோட்டில் எலுமிச்சை மணக்கும். வரி விதிப்பில் சந்தனம்!

இந்தக் குப்பிகள் பெரும்பாலும் ஆடை வடிவமைப்பாளர்களின் பெயரைத் தாங்கியவை. பாரிஸ் நகரத்துப் போல் புவாரே 1911 இல் தம் மகள் ரோசின் பெயரில் வாசனைப் பொருள் விற்கத் தொடங்கினார். பின்னர் 1921 இல் ஷனேல் அம்மையாரின் 'ஐந்தாம் எண்' வந்தது. அதைக் கலந்தவர் எர்னஸ்ட் போ என்ற நிபுணர். குப்பியில் நின்றதோ அம்மையாரின் பெயர். இந்த வாணிகத்தின் சூட்சுமம் எளியது. அவர் தைத்த ஆடையை ஆயிரத்தில் ஒருத்திதான் வாங்குவாள். மற்றவர்கள் அந்தப் பெயரையாவது குப்பியில் வாங்கிக்கொள்ளலாம் அல்லவா?

அந்த வழியில் நெடுந்தொலைவு போனவர் நியூயார்க்கின் கால்வின் கிளைன். 1985 இல் அவர் பெயரில் வந்த 'அப்செஷன்' கனமானது. ஒருவர் பூசினால் அறை முழுவதும் அறியும். 1988 இல் வந்த 'எடர்னிட்டி' பூ மணம் கொண்டு சற்றே அடங்கியது. 1994 இல் வந்த 'சி.கே. ஒன்' முற்றும் வேறு. எலுமிச்சை, பச்சைத் தேயிலை, துவைத்துக் காய்ந்த துணி போன்ற ஒரு தூய்மை. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்ற பிரிவினை இல்லை. பனி படர்ந்தாற்போன்ற கண்ணாடிக் குப்பிக்கு ஒரு திருகு மூடி, அவ்வளவே அணி. விலையையும் இளைஞர் கைக்கு எட்டும்படி வைத்து, இசைத்தட்டுக் கடைகளிலும் விற்றார்கள். ஆடம்பரத்திலிருந்து தூய்மைக்கு அவர் நடந்துவந்த இந்த ஒன்பதாண்டு நடையை நான் மிகவும் மதிக்கிறேன். அண்ணனும் தங்கையும் ஒரே குப்பியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது எங்கள் பத்துக்குப் பத்து அறையில் எத்தனை பெரிய செய்தி!

இன்னொரு வியப்பும் உண்டு. அந்தக் குப்பியில் தாராளமாகச் சேர்க்கப்படும் பொருள்களுள் ஒன்று ஹெடியோன். மல்லிகையின் மணத்தை ஆராய்ந்த ஃபிர்மெனிக் நிறுவன வேதியியலாரின் உழைப்பில் பிறந்தது அது. கிறிஸ்டியன் டியோர் நிறுவனம் 1966 இல் வெளியிட்ட 'ஓ சவாஜ்' அதற்குப் புகழ் தேடித் தந்தது. மாட்டுங்காவில் அம்மா முழம் போட்டு வாங்கும் மல்லிகைக்கு நியூயார்க் குப்பியில் ஓர் உறவு இருக்கிறது என்று சொன்னேன். அம்மா காகிதத்தை முகர்ந்துவிட்டு, "வாடாத பூவுல என்னடா மணம்?" என்றாள். வேதியியல் தோற்றது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. நியூயார்க்கில் கைக்கு எட்டிய விலை குர்லாவில் எட்டுவதில்லை. ஒரு குப்பி அக்காவுக்குப் பல நாள் ஊதியம். இத்தனைக்கும் உள்ளே இருப்பதில் பெரும்பங்கு சாராயமும் நீருமே. மணப்பொருள் நூற்றுக்குச் சில பங்குதான். பெயருக்கும் விளம்பரத்துக்கும் நாம் தரும் பணம் கொஞ்சமன்று.

இந்த இடைவெளியைக் கடைத்தெரு நிரப்பிக்கொண்டது. அத்தர்க் கடைகளுக்குச் சென்று பாருங்கள். ரோஜா, தாழை, கோடை மழையில் நனைந்த மண்ணின் மணம் கொண்ட மிட்டி ஆகியவற்றோடு, மேனாட்டுப் புகழ்பெற்ற செண்டுகளின் மணத்தை ஒத்த எண்ணெய்களும் வரிசையாக நிற்கும். கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு எடுத்து மணிக்கட்டில் தடவிக் காட்டி, சிறு குப்பியில் அளந்து கொடுப்பார்கள். போலி என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். உள்ளூரில் அளந்து விற்கும் இந்த எண்ணெயைத்தான் நான் மலிவு நறுமணம் என்பேன்.

அக்காவின் கடைக்குச் சம்பள நாளில் இளைஞர் பலர் வருவார்கள். வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுகொடுக்கும் தம்பி ஒருவன், எலுமிச்சை மணம் கொண்ட மிகச் சிறிய குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, ஹார்பர் லைன் கூட்டத்துல சாயங்காலம் வரைக்கும் நிக்குமா?" என்று கேட்டானாம். எலுமிச்சை வகை விரைவில் பறந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "நிக்காதுப்பா. ஸ்டேஷன் பக்கம் அத்தர்க் கடைக்குப் போ, எண்ணெய்தான் தாங்கும்" என்றாளாம். கடையின் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.