அடையாறும் ஆயிரம் மணியும்

சென்னையில் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வரும் பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கு, ஆலமரத்தைப் பார்க்கப் போயிருப்பீர்கள். கணக்குக்கும் அந்த இடத்துக்கும் உறவு உண்டு, தெரியுமோ? 1939-ல் இத்தாலிய மாது மரியா மாண்டிஸோரி அங்கே வந்துதான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்த காலம்; 1946 வரை இந்தியாவிலேயே தங்கிவிட்டார்.

அவர் முறையில் பொன்னிற மணி ஒன்றுதான் 'ஒன்று'. பத்து மணி கோத்த கம்பி, 'பத்து'. பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம், 'நூறு'. பத்துச் சதுரங்களை அடுக்கினால் 'ஆயிரம்'! குழந்தை அதை இரண்டு கையாலும் தூக்குகிறது. ஆயிரத்தின் கனம் கைக்கே தெரிந்துவிடுகிறது.

நாமோ, 52-ல் 17 போனால் என்று கேட்டு, "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்கிறோம். எந்த வீடு, என்ன கடன்? குழந்தை விழிக்கிறது, நாம் குட்டுகிறோம்! பாவம்.

மணிக்கு எங்கே போவது என்கிறீர்களா? புளியங்கொட்டை இருக்கிறதே! பத்துப் பத்தாகத் துணியில் முடிந்து, ஐந்து முடிச்சும் இரண்டு உதிரியும் கொடுங்கள். உதிரியில் ஏழு இல்லை. ஒரு முடிச்சை அவிழ்க்கட்டும். பன்னிரண்டில் ஏழு போய்விட்டது. நான்கு முடிச்சில் ஒன்றும் போனால்? மிச்சத்தை உங்கள் கண்மணியே எண்ணிச் சொல்லும்.